ஆந்தைக்கு ஒரு வண்டி

அத்தியாயம் 9

போன வாரம் அக்கா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்ததால் கடையில் எல்லோரும் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். யார் கண் பட்டதோ, இந்த வாரம் அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமைக் காலையைத் தாண்டவில்லை.

அக்கா என்றால் கண்ணாடிக் கடை அக்கா. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டி, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. பல் போன பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

சிரிப்புக்குக் காரணம் அவளுடைய ஒன்பது வயது மகள். ஊரில் இருக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் ஏறி இறங்கி, எல்லா இடத்திலும் கையை விரித்த பிறகு, கடைசியாக ஒரு தலைமை ஆசிரியை மட்டும் "வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார். வகுப்பறை ஜன்னல்களுக்கு வெயிலை வடிகட்டும் ஃபிலிம் ஒட்டியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமைதான் முதல் நாள்.

அந்தப் பெண்ணுக்கு வெயில் ஆகாது. கறுத்துவிடுவாள், தலை வலிக்கும் என்கிற ஆகாது இல்லை. வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கதிர், தோலுக்குள் இருக்கும் டிஎன்ஏவைக் கெடுக்கும். எல்லோருக்கும்தான் கெடுக்கிறது. நம் உடம்பு சத்தமில்லாமல் அதைப் பழுது பார்த்துக்கொள்ளும். அவள் உடம்புக்கு அந்தப் பழுது பார்க்கும் வேலை பிறவியிலேயே கைவரவில்லை. கெட்டது கெட்டபடியே சேர்ந்துகொண்டு போகும். சேர்ந்தால் கடைசியில் என்ன நோய் வரும் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதனால் பகலெல்லாம் வீட்டுக்குள்ளே. பொழுது சாய்ந்த பிறகுதான் தெரு. பகலில் தூங்கி வழிந்து, இருட்டினதும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு ஆட்டம் போடுகிறாளே என்று அவளுடைய தாய்மாமன் வைத்த பெயர் ஆந்தை. அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மகளுக்கோ அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. ஆகவே பெயர் நிலைத்துவிட்டது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வீட்டு ஜன்னல்களுக்கு ஒரு குமிழி இல்லாமல் ஃபிலிம் ஒட்டியவர் அவர்தான். பள்ளிக்கூடமே வேண்டாம், வீட்டிலேயே படிக்கட்டும் என்பது அவருடைய பிடிவாதம். அக்கா மாதக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் போன வாரம் அவர் இறங்கி வந்தார். அப்போதும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

"உடம்புல எங்கேயாவது ஒரு இடம் சிவந்துச்சு, அன்னிக்கோட முடிஞ்சுது. அப்புறம் பள்ளிக்கூடம்னு என்கிட்டே பேச்செடுக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை சிவந்திருந்தது.

*

தலை பின்னுவதற்கு உட்கார்த்தியபோதுதான் அக்கா கவனித்தாள். வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு திரிகிற பெண், முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தாள்.

"குளிருதா உனக்கு?"

"ஆமா."

மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் போட்டதே அவள்தான்.

அக்கா கையைப் பிடித்துச் சட்டையை ஏற்றினாள். வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ரத்தச் சிவப்பு. மேல் பொத்தானைக் கழற்றினாள். கழுத்துக்குக் கீழேயும் அதே சிவப்பு. முகத்தில் ஒரு பொட்டுகூட இல்லை.

"லேசா எரியுது. அவ்வளவுதாம்மா" என்றாள் ஆந்தை.

அக்கா முதலில் மகளுக்காகப் பயந்தாள். அடுத்த நொடியே, இவர் கண்ணில் படாமல் திங்கட்கிழமைவரை மறைத்துவிட முடியுமா என்று யோசித்தாள். அப்படி யோசித்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. வெறுத்து முடிப்பதற்குள் மெக்கானிக் டீத் தம்ளரோடு வாசலில் நின்றார்.

"என்ன அது?"

அவர் கேட்ட தோரணையிலேயே பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

"நேத்து எங்கே கூட்டிட்டுப் போனே இவளை?"

"நான் எங்கேங்க கூட்டிட்டுப் போறது? நேத்து பொழுது சாயற வரைக்கும் கடையில இருந்தேன். ஹால் ஜன்னல்ல ஃபிலிம் ஓரம் உரியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதை அன்னிக்கே ஒட்டிட்டேன்."

"ஒழுங்கா ஒட்டினீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் டீத் தம்ளரை வைத்துவிட்டு, வெயில் கதிரை அளக்கும் சின்னக் கருவியை எடுத்தார். ஜன்னல் ஜன்னலாக, கதவிடுக்கு, காற்றுப்போக்கி என்று ஸ்டூல் போட்டு ஏறி இறங்கினார். எங்கே வைத்தாலும் கருவி பூஜ்யத்தைத்தான் காட்டியது.

"ஒரு இடத்துலயும் ஓட்டை இல்லை. அப்போ வெயில் எங்கேயிருந்து வந்துச்சு? நீ வெளியே போனியாடா கண்ணு?"

"எங்கேயும் போகலைப்பா. வீட்டுலயேதான் இருந்தேன்."

பொய் சொல்கிற முகமாக அது இல்லை. அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளை நம்புவதென்றால் தப்பு இவர்கள் இருவரில் ஒருவர் மேல்தான். யார் மேல் என்பதில் ஆளுக்கொரு தீர்மானம் இருந்தது.

டாக்டரிடம் சொல்லிப் பொழுது சாய்ந்ததும் வருவதாக ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் சத்தமாகப் பேசின.

*

மதியம், ஊரையே கூட்டுகிற குரலோடு அக்காவின் தம்பி வந்தான்.

"எங்கே நம்ம ஆந்தை? மாளிகைக்குக் கதவு வந்தாச்சு!"

தம்பி வெல்டர். இரும்புக் கதவு, படிக்கட்டுக் கைப்பிடி எது வேண்டுமானாலும் செய்வான். இப்போது அக்கா வீட்டை ஒட்டிய ஷெட்டில், ஒரு பழைய மூன்று சக்கர சைக்கிள் வண்டிமேல் இரும்புக் குழாயால் சட்டம் கட்டி, நாலு பக்கமும் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் தகடு பொருத்தி, மருமகள் பள்ளிக்கூடம் போக வண்டி செய்துகொண்டிருந்தான். முதல் நாள் அதைக் கூண்டு என்று சொல்லிவிட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அது மாளிகை.

வீட்டுக்குள் இருந்த அமைதி அவனுக்கு உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. அக்கா மகளின் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள்.

அவன் குனிந்து பார்த்தான். கையைத் திருப்பினான். கழுத்தைப் பார்த்தான். அங்கே முக்கோணமாகச் சிவந்திருந்தது. அவன் முகம் சுண்டிப்போனது. இடது கையையும் வாங்கிப் பார்த்தான். அதில் ஒன்றுமில்லை.

"இது வெயில் இல்லக்கா."

"பின்னே?"

"வெல்டிங் வெளிச்சம்." அவன் தன் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். அதே இடத்தில், அதே முக்கோணத்தில், வருஷக்கணக்காகத் தோல் கறுத்திருந்தது. "பொத்தான் போடாம வேலை பார்த்தா எங்களுக்கு இங்கேதான் பிடிக்கும். ரெண்டு நாள்ல உரிஞ்சு போயிடும். நேத்து சாயங்காலம் இவ என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. வெல்டிங் ராடு எடுத்துக் குடுத்துட்டு இருந்தா."

அக்கா கடையிலிருந்து திரும்பாத நேரம் அது. யாரோ லிஃப்டுக்குள் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள் என்று மெக்கானிக்கும் ஓடிவிட்டார். ஷெட்டுக்கு வீட்டுக்குள்ளிருந்தே வழி உண்டு. ஷட்டரைக் கீழே வரை இறக்கி, அடியில் கோடாகத் தெரிந்த வெளிச்சத்தையும் சாக்கை வைத்து அடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருந்தான் தம்பி. கண்ணுக்கு ஆபத்து என்று தன்னிடம் இருந்த இன்னொரு முகமூடியை மருமகளுக்கு மாட்டியும் விட்டான். அதனால்தான் முகம் தப்பித்தது.

வெளியே இருக்கும் சூரியனுக்கு அத்தனை கதவையும் சாத்திவிட்டு, உள்ளே ஒரு குட்டிச் சூரியனைப் பற்றவைத்துவிட்டான் மனிதன்.

அக்காவால் அவனைத் திட்ட முடியவில்லை. அந்த முகமூடிக்குக் கறுப்புக் கண்ணாடி தன் கடை மூலமாக வரவழைத்துக் கொடுத்தது அவள்தான். வெல்டிங் வெளிச்சத்தில் அந்தக் கதிர் இருக்கிறது என்பது தினமும் லென்ஸோடு புழங்குகிற அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆபத்து என்றால் அது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பது என்றே இந்த வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

மெக்கானிக்குக்கு அந்த யோசனையெல்லாம் ஓடவில்லை.

"யாரைக் கேட்டு அவளை உள்ளே உட்கார வச்சே?"

வெல்டர் மருமகளை ஒரு தரம் பார்த்தான்.

"யாரையும் கேக்கல அத்தான்."

"அவ அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"தோணல."

"தோணாதுடா! உனக்கு அவ பொம்மை. வந்தியா, விளையாடினியா, போனியான்னு இருப்பே. ஒவ்வொரு நாளும் அவ தோலைப் பார்த்துப் பார்த்துச் சாகறது நாங்கதானே?"

வெல்டர் கையில் இருந்த கதவுக் கீல்களை மேசைமேல் வைத்தான்.

"டாக்டர்கிட்டே மட்டும் நானும் வரேன் அத்தான். எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்துலன்னு எனக்குத்தான் தெரியும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

"வரட்டும்" என்றாள் அக்கா.

*

தோல் டாக்டர் அம்மாள் அதட்டுகிற ரகம் இல்லை. அதுவே வெல்டருக்குக் கஷ்டமாக இருந்தது. நாலு திட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் அவன் கேட்டான்.

"எனக்கு இந்த மாதிரி எத்தனையோ தடவை சுட்டிருக்கு மேடம். உரிஞ்சு, புதுத் தோல் வந்துடும். இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?"

"உங்களுக்கும் உள்ளே சேதம் நடந்திருக்கு. உங்களுக்குத் தெரியாமலே சரியாயிருக்கு. அவ்வளவுதான்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒரு செல்லுக்குள்ளே இருக்கிற டிஎன்ஏவை எல்லாம் நீட்டிப் போட்டா ஆள் உயரத்தைத் தாண்டும். அதைச் சுருட்டி, மடிச்சு, கண்ணுக்கே தெரியாத இடத்துல அடக்கி வச்சிருக்கு உடம்பு. பார்க்க நூலேணி மாதிரி இருக்கும். அந்தக் கதிர் பட்டா, பக்கத்துப் பக்கத்துப் படிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உடனே உங்க உடம்புல ஒரு கூட்டம் கிளம்பும். சுருளைத் தளர்த்தும், ஒட்டின இடத்தைக் கண்டுபிடிக்கும், அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டுப் புதுத் துண்டு போட்டு இணைச்சுடும்."

"நாங்களும் அப்படித்தான் மேடம். விரிசல் விட்ட இடத்தை வெட்டி எடுத்துட்டுத்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "இவளுக்கு அந்தக் கூட்டம் வராதா?"

"வரும். அதுல முக்கியமான ஒரு ஆள் இல்லை. அதனால வேலை நடக்காது."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். மெக்கானிக் மட்டும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவையில எல்லாம் போயிடாது" என்றார் டாக்டர், இந்த முறை அக்காவைப் பார்த்து. "ஆனா இதுவும் அந்தக் கணக்குல சேர்த்திதான். பொய் சொல்ல மாட்டேன். களிம்பு தரேன், புண் ஆறிடும். இனிமே இன்னும் அடிக்கடி கூட்டிட்டு வாங்க."

"அப்போ பள்ளிக்கூடம் வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டர்" என்றார் மெக்கானிக். "நான் சொன்னா இவ கேக்க மாட்டா."

"இது பள்ளிக்கூடத்துல நடந்துச்சா?"

"இல்லை."

"வெளியே போனாளா?"

"இல்லை. ஆனா..."

"எல்லாத்தையும் மூடி, ஷட்டரை இறக்கி, உயிரா வளர்க்கிற மாமா பக்கத்துலயே இருந்தும் சுட்டிருக்கு. அப்புறம் வீட்டுலயே வைங்க, பத்திரமா இருப்பான்னு எந்த நம்பிக்கையில நான் சொல்றது?"

டாக்டர் ஆந்தையின் பக்கம் திரும்பினார்.

"இங்கே பாரு. இத்தனை நாள் பெரியவங்க உன்னைப் பார்த்துக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்துல நீதான் உனக்குக் காவல். புது இடம், புது வெளிச்சம்னா பெரியவங்ககிட்டே கேக்கணும். நடந்ததை நடந்தபடி சொல்லணும். முடியுமா?"

ஆந்தை தலையாட்டினாள். கண் மட்டும் மாமா பக்கம் போய்விட்டு வந்தது.

"தலைமை ஆசிரியைகிட்டே நானே பேசறேன். இன்னிக்கு நடந்ததையும் சொல்லித்தான் ஆகணும்" என்றார் டாக்டர். "அவங்க உங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணிப் பேசுவாங்க. முடிவு அவங்களோடது."

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே மெக்கானிக் நின்றார்.

"டாக்டர் சொல்றாங்க, கேட்டுக்கறேன். அந்த டீச்சரம்மா சரின்னா, போகட்டும். ஆனா உன் தம்பி இனிமே என் வீட்டு வாசல்ல காலை வைக்கக் கூடாது. வண்டியும் வேண்டாம். நான் வேற வழி பார்த்துக்கறேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மருமகளின் தலையைத் தொட்டு, "மருந்து போடும்போது அடம் பிடிக்கக் கூடாது, என்ன?" என்றான். அவள் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்துவிட்டுத் தன் பைக்கை நோக்கி நடந்தான்.

*

வீட்டுக்கு வந்து அக்கா களிம்பு தடவ உட்கார்ந்தாள். தம்பிமேல் கோபம் இருந்தது, அவனை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

"மாமா இனிமே வரவே மாட்டாராம்மா?"

"கொஞ்ச நாள் போகட்டும். அப்பாவுக்குக் கோபம் ஆறட்டும்."

"அப்பா அவ்வளவு திட்டினப்போ மாமா ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"என்ன சொல்லுவான்? தப்புப் பண்ணினவன் அவன்தானே? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கணும்."

ஆந்தை தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா கேட்டாரும்மா."

"என்ன கேட்டான்?"

"நானும் உள்ளே இருக்கேன்னு சொன்னேனா, அம்மாகிட்டே ஃபோன்ல கேட்டுட்டு வா, அப்பத்தான் இருக்கணும்னாரு. நான் ரூமுக்குள்ளே போய்ச் சும்மா நின்னுட்டு வந்து, அம்மா சரின்னுட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

களிம்பு தடவிய விரல் அப்படியே நின்றது.

யாரையும் கேக்கல அத்தான் என்று அவன் சொன்னதை அக்கா நினைத்துக்கொண்டாள். அந்த நிமிஷமே அவனுக்கு விஷயம் புரிந்திருக்கும். ஒன்பது வயதுப் பெண்ணின் பொய்யைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அதற்கான திட்டையும் வாங்கிக்கொண்டு, வாசலைவிட்டும் போய்விட்டான் பாவி.

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"நீ வேண்டாம்னு சொல்லிட்டேன்னா?" அவளுக்கு உதடு கோணியது. "நான் எப்பவும் இந்த ரூம்லயேதானேம்மா இருக்கேன். அங்கே மாமா பாட்டுப் பாடிக்கிட்டே வேலை செஞ்சாரு. எனக்கும் வேலை குடுத்தாரு."

உண்மையிலேயே ஃபோன் செய்து கேட்டிருந்தால்? ஷட்டர் இறக்கியிருக்கு, முகமூடி போட்டிருக்கேன் என்று சொல்லியிருந்தால்? சரி, பத்திரமா இரு என்றுதான் சொல்லியிருப்போம் என்று அக்காவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது தெரிந்ததில் ஆறுதல் ஒன்றும் இல்லை. மகள் கேட்கவில்லை. கேட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஹாலில் ஃபோன் அடித்தது. மெக்கானிக் எடுத்துப் பேசிவிட்டு அறைக்குள் வந்தார்.

"டீச்சரம்மா. உன்கிட்டேதான் பேசணுமாம்."

கொடுத்துவிட்டுப் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"டாக்டர் எல்லாம் சொன்னாங்கம்மா" என்றது ஃபோனில் தலைமை ஆசிரியையின் கண்டிப்பான குரல். "பாப்பா கை எப்படி இருக்கு? பாவம். பாருங்க, நான் மனசு மாறல. ஆனா எந்நேரமும் அவ பின்னாலேயே ஒரு ஆளை அனுப்ப என்னால முடியாது. இங்கே வர்றதும் போறதும் எத்தனையோ பேர். யாராவது ஒரு இடத்துக்கு வான்னு கூப்பிட்டா, அம்மா சரின்னாங்க, டீச்சர் சரின்னாங்கன்னு அவ சொல்றதை வச்சுத்தான் நாங்க நடக்கணும். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா, அதை நாங்க நம்பலாமா?"

பாதி மருந்து தடவிய கையை நீட்டியபடி ஆந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனில் கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது.

உண்மையைச் சொன்னால் தம்பிமேல் விழுந்த பழியில் பாதி இறங்கும், ஆனால் பள்ளிக்கூடம் கைநழுவிப் போய்விடும். அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. சொல்லாவிட்டால், நாளைக்கு இவள் உயிரையே இவளுடைய பொய் வாயை நம்பித்தான் ஒப்படைக்க வேண்டும்.

"நம்பலாம் மேடம்" என்றாள் அக்கா.

"அப்போ திங்கட்கிழமை பார்ப்போம்" என்றது குரல்.

ஆந்தையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சத்தமே இல்லாமல் அழுதாள். மெக்கானிக் பதறிக்கொண்டு பக்கத்தில் வந்து மண்டிபோட்டார்.

"என்னடா, என்ன? ஏன் அழறா இவ?"

அக்கா களிம்பு டப்பாவை மூடினாள்.

"ஒண்ணும் இல்லைங்க. மருந்து எரியுது."